கொடுத்து வைத்த கணக்கு

ஜூன் மாதத்தில் மரக்காணம் கடற்கரையில் இரண்டு இடங்கள் ஒரே நேரத்தில் ஆள் கேட்கின்றன. ஒன்று உப்பளம், மற்றது பள்ளிக்கூடம்.

உப்புக்கு அது நல்ல காலம். கடல்நீரின் அடர்த்தி போமே அளவுகோலில் மூன்று, மூன்றரை இருக்கும். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டு, இருபத்தைந்தை எட்டும்போதுதான் உப்பு பூக்கும். சித்திரையில் தொடங்கிய வெயில் ஆனியிலும் குறையாது என்பதால் விளைச்சல் தட்டாது. வெயில் ஏறுமுன் வாரி முடிக்க வேண்டும். விடிவதற்கு முன்பே ஆட்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். ஆண்கள் பலகையால் உப்பை இழுத்துக் கரையேற்ற, பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் குவிப்பார்கள். அதே வாரங்களில்தான் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பதினொன்றில் சேர வேண்டும். விடுமுறையில் அம்மாவோடு அளத்துக்குப் போய் வந்த பிள்ளையானால், முதல் கூலியைக் கையில் வாங்கிப் பார்த்தும் இருக்கும்.

சில பிள்ளைகள் சேர்வதில்லை. ஏன் என்று கேட்டால் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கிடைக்கும் பதில்தான் இங்கும் கிடைக்கும்: ‘அதுக்குக் கொடுத்து வைக்கல.’

இந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். ‘கொடுத்து வைத்தவள்’ என்றால் முன்பு எப்போதோ கொடுத்து, அதைக் கணக்கில் வைத்திருப்பவள். முற்பிறவியில் போட்ட வைப்புத்தொகையை இப்பிறவியில் வட்டியோடு எடுக்கிறாள். ‘கொடுப்பினை’ என்ற சொல்லும் அதே பேரேட்டிலிருந்து வந்ததுதான். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று சைவ சித்தாந்தம் மூன்றாகப் பிரித்துப் பேசும் வினைக்கொள்கையை ஊர்ப்பேச்சு ஒரே வினைச்சொல்லில் அடக்கிவிட்டது. அது அப்படியே கடைக்காரர் கணக்கு.

உப்பளத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு கணக்கு உண்டு. அது வாங்கி வைத்த கணக்கு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும். மார்கழி வரை அளத்தில் வேலை இல்லை. மழை முடிந்த பிறகு சேற்றை அள்ளி, வரப்பைச் சீராக்கி, பாத்தியின் தரையை மிதித்து இறுக்கி, மறுபடி நீர் பாய்ச்சி உப்பு எடுக்க மாசி, பங்குனி ஆகிவிடும். இடைப்பட்ட மாதங்களில் அடுப்பு எரிய முன்பணமோ நுண்கடனோ அடகுக் கடையோதான் வழி. அடுத்த பருவத்தின் கூலி இந்தப் பருவத்திலேயே செலவாகிவிடுகிறது. மகளின் பதினொன்றாம் வகுப்பு எந்தக் கணக்கில் கழிகிறது? முற்பிறவியில் கொடுத்து வைக்காத கணக்கிலா, போன ஐப்பசியில் வாங்கி வைத்த கணக்கிலா? தத்துவக் கேள்விதான், ஆனால் விடை தேட அளக்கரைக்குப் போக வேண்டும்.

மரக்காணத்துக்கு உப்பு நேற்று வந்ததல்ல. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டில் உமணரின் உப்பு வண்டி வரிசையும் வருகிறது. சோழர் கல்வெட்டுகள் பெரிய உப்பளத்தைப் ‘பேரளம்’ என்கின்றன. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே வரும் பயணிக்குக் கழுவெளி என்ற உவர்நீர்ப் பரப்பை ஒட்டி வெள்ளைக் குவியல்கள் தென்படும். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த அளம் அது. அரசர்கள் மாறினார்கள், கிழக்கிந்தியக் கும்பினி வந்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியது, 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளினார். உப்பின் மீதான உரிமைக்கு இத்தனை வரலாறு இருக்கிறது. உப்பு வாரியவரின் பிள்ளை என்ன படித்தது என்று மட்டும் எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

கல்வியில் மரக்காணம் அடங்கிய விழுப்புரம் மாவட்டம் பின்தங்கியே வந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். கள்ளக்குறிச்சி பிரியாத விழுப்புரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 72. ஆனாலும் இன்றைய சிக்கல் பள்ளிக்கே வராத பிள்ளை அல்ல. தொடக்கப் பள்ளிக்கு எல்லாப் பிள்ளையும் வந்துவிடுகிறது. படிக்கட்டின் மேல்படியில்தான் கால் வழுக்குகிறது. ஒன்றிய அரசின் 2023-24 பள்ளிக்கல்விப் புள்ளிவிவரப்படி, நாடு முழுவதும் தொடக்க நிலையில் இடைநின்றவர்கள் 1.9 சதவீதம், நடுநிலையில் 5.2, உயர்நிலையில் 14.1. விதி என்று ஒன்று இருந்தால், அது பதினான்கு வயதுவரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்த வயதில் அப்படி என்ன இருக்கிறது?

சட்டம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுவரைதான் காக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குக் கீழே கூலி வேலையைத் தடுக்கிறது. அதற்கு மேல் பதினெட்டு வரை ஆபத்தான வேலைகளை மட்டுமே தடுக்கிறது. பள்ளியின் பிடி தளர்வதும் கூலியின் கதவு திறப்பதும் ஒரே பிறந்தநாளில் நடக்கின்றன.

தட்டும் இருக்கிறது. காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய மதிய உணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. 2022இல் வந்த காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப்பெண்’ திட்டம் பன்னிரண்டு முடித்த பிறகுதான் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் நல்ல திட்டம். ஆனால் வரிசையாக அடுக்கிப் பார்த்தால், பதினொன்று, பன்னிரண்டு என்ற இரண்டு படிகளில் சோறும் இல்லை, மாதாந்திரப் பணமும் இல்லை. சைக்கிளும் பாடநூலும் பேருந்துச் சலுகையும் உண்டு. இடைநிற்றலைத் தடுக்க 2011-12இல் வந்த ஊக்கத்தொகையும் உண்டு: பத்திலும் பதினொன்றிலும் 1,500, பன்னிரண்டில் 2,000.

இந்தத் தொகையை அளத்துக் கூலியோடு வைத்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு 350 ரூபாய் கூலி, மாதம் 22 நாள், ஆண்டுக்கு ஒன்பது மாதம் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 69,300 ரூபாய் ஆகிறது. இரண்டு ஆண்டுக்கு 1,38,600. கட்டணமே இல்லாத அரசுப் பள்ளியில் மேல்நிலை முடிக்க உப்பளக் குடும்பம் கட்டும் கட்டணம் அதுதான். ரசீது இல்லாமல் கட்டுவதால் யாருக்கும் தெரிவதில்லை. அந்த இரண்டு ஆண்டுக்கான ஊக்கத்தொகை 3,500, அதே கூலியில் பத்து நாள் சம்பளம்.

இங்கே வினைக்கொள்கைக்காரர் எழுந்து ஒரு மறுப்புச் சொல்லலாம். கடனும் மழையும் கூலியும் வெறும் கருவிகள், அவற்றின் வழியே வேலை செய்வது வினைதான்; அந்தப் பிள்ளை அந்த வீட்டில் வந்து பிறந்ததே அதன் முன்வினையால் என்பார். கெட்டியான வாதம் இது. எந்தப் புள்ளிவிவரத்தாலும் இதை உடைக்க முடியாது, எந்தப் புள்ளிவிவரம் வந்தாலும் அதையும் வினையின் கருவி என்று சேர்த்துக்கொள்ளும். ஆனால் இந்தியச் சமயங்களே இந்த வாதத்தை அப்படியே விட்டுவிடவில்லை. அனுபவிப்பதெல்லாம் முன்வினையால் என்ற கொள்கையை அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூலில் புத்தர் எடுத்துக்கொண்டு மறுக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டால் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்ற முயற்சிக்கே இடமில்லாமல் போய்விடும் என்பது அவர் காட்டும் குறை. எல்லாம் நியதி என்ற ஆசீவகரின் வாதத்தைத் தமிழில் மணிமேகலைக் காப்பியம் பதிவு செய்திருக்கிறது. வஞ்சி நகரில் அதையும் பிற சமயவாதங்களையும் கேட்ட மணிமேகலை எதையும் ஏற்காமல் நகர்கிறாள். அவள் கையில் இருந்தது அமுதசுரபி. பசித்தவரிடம் முன்வினை விசாரிக்கும் பழக்கம் அந்தப் பாத்திரத்துக்கு இல்லை.

இன்னும் நேராக இந்தக் கேள்வியை எடுத்தவர் மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியும் கடலூரும் தாண்டிய வடலூரில் இருந்தார். 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, இன்றுவரை அணையாத அடுப்பை மூட்டிய வள்ளலார், ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலில் தனக்குத் தானே ஒரு தடை எழுப்பிக்கொள்கிறார். முன்வினையால் கடவுள் ஆணைப்படி ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்றால், அவருக்குச் சோறு போடுவது அந்த ஆணையை மீறுவது ஆகாதா? அவர் விடை ஒரு சிறைச்சாலை. பெருங்குற்றம் செய்து விலங்கிடப்பட்டவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கத்தான் செய்கிறான். தண்டனை ஒரு கணக்கு, சோறு வேறு கணக்கு. இந்த விடைக்கு வினை உண்டா இல்லையா என்ற வழக்கே தேவையில்லை. உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் பார்த்துக்கொண்டிருப்பவரின் கடமை குறையவில்லை என்று காட்டிவிடுகிறார்.

உயிர் இரக்கத்தை அவர் இரண்டு வகையாகவும் பிரித்தார். பசியையும் கொலையையும் நீக்குவது முதல் வகை, பரம். தாகம், பிணி, அச்சம், எளிமை முதலியவற்றை நீக்குவது அடுத்த வகை, அபரம். எளிமை என்று அவர் சொன்னது இன்று நாம் வறுமை என்பதைத்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கதையை இந்தப் பாகுபாட்டில் படிக்க முடியும். சோறு போட்டுத் தொடக்கப் பள்ளியை நிரப்பியது முதல் வகை. அது ஏறக்குறைய வென்றுவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுப்பது வயிற்றுப் பசியைவிட வீட்டின் எளிமை. அதற்கு இரண்டாம் வகை வேண்டும். வள்ளலாரின் அடுப்பை அரசு எடுத்துக்கொண்டது, அவருடைய பட்டியலின் மீதியை இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்ட இடங்களில் என்ன ஆனது என்பதற்குச் சான்று இருக்கிறது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதும், ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் சுருங்கியதும் தெரியவந்தது. மெக்சிகோ 1997இல் ஏழைத் தாய்மாருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பிள்ளை பள்ளிக்கு வந்தால்தான் பணம். உயர்நிலைக்குப் போனால் கூடுதல், பெண்பிள்ளையானால் இன்னும் கூடுதல். எந்த வகுப்பில் கூலி பள்ளியோடு போட்டி போடுகிறதோ அந்த வகுப்பில் தொகையை ஏற்றினார்கள். தமிழ்நாட்டில் 1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவியும் எட்டாம் வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. கல்யாணச் செலவைக் காட்டிப் பெண்ணின் படிப்பை நிறுத்திய வீட்டில், அதே கல்யாணச் செலவை வைத்தே படிப்பை நீட்டிய தந்திரம் அது. முற்பிறவிப் பேரேடு இத்தனை எளிதாகத் திருத்தக்கூடியதாக இருந்தால் அதை விதி என்று அழைப்பது கடினம்.

கட்டணத்தை ஒழித்தால் மட்டும் போதாது என்பதற்கும் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. மலையகத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளின் பள்ளிகளை அரசு கையில் எடுக்கத் தொடங்கியது 1970களில். இடையில் ஒரு தலைமுறையே கொழுந்துக் கூடையோடு வளர்ந்து முடிந்தது. லயத்து வீட்டிலும் அதற்கு ஒரு பெயர் இருந்தது: தலைவிதி.

தமிழ்நாடும் ஒரு முறை விதியைத் திட்டமாக எழுதிப் பார்த்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளையைப் பாதி நாள் பள்ளியிலும் மீதி நாள் வீட்டுத் தொழிலிலும் வைத்தது. ‘குலக்கல்வி’ என்று பெயர் பெற்று, எதிர்ப்பில் சிக்கி, காமராசர் வந்ததும் 1954இல் மறைந்தது. உப்புக்காக நடந்த அதே ராஜாஜிதான் இவரும் என்பது இந்தக் கரையில் நின்று நினைக்க வேண்டிய விஷயம். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கைத்தொழிலில் இழிவில்லை, எல்லோரும் குமாஸ்தா ஆக முடியாது, உப்பை யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும்? எடுக்கத்தான் வேண்டும். அந்த ‘யாராவது’ ஏன் எப்போதும் உப்பெடுத்தவரின் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தத் திட்டத்தில் விடை இல்லை. திட்டம் போய் எழுபது ஆண்டுக்கு மேலாகிறது. பதினாறு வயதில் பாத்தியில் இறங்கும் பிள்ளையிடம் அதே பாதி நாளைக் கூலி கேட்டு வாங்கிக்கொள்கிறது, எந்தத் திட்டத்தின் துணையும் இல்லாமலே.

பிள்ளையே ‘எனக்குப் படிக்கப் பிடிக்கல’ என்று சொன்னால்? இடைநிற்றல் குறித்த கணக்கெடுப்புகளில் ‘ஆர்வமில்லை’ என்பது முன்வரிசைக் காரணங்களில் ஒன்று. அதைக் கேட்டதும் அதிகாரிகளுக்கு ஒரு நிம்மதி. விருப்பமில்லாதவரை யார் என்ன செய்ய முடியும்? எட்டாத திராட்சையைப் பார்த்து நரி என்ன சொன்னது என்பது நம் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். நார்வே நாட்டுத் தத்துவவாதி யோன் எல்ஸ்டர் 1983இல் அந்த நரியை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார். கிடைக்காது என்று தெரிந்த பிறகு ஆசை தானாகவே சுருங்கிக்கொள்ளும், சுருங்கிய ஆசையைச் சுதந்திரமான தேர்வு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அமர்த்திய சென்னும் இதே இடத்தில் நிற்கிறார். ஒருவர் எதைத் தேர்ந்தார் என்பதோடு, அவர் முன்னால் எத்தனை வழி உண்மையிலேயே திறந்திருந்தது என்றும் பார்க்கச் சொல்கிறார். விடியற்காலை அளத்துக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு வகுப்பில் கண் சொருகும் பிள்ளைக்கு இயற்பியல் பிடிக்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை. அந்த வெறுப்பு அவனுடையதுதான். அதை அவனுக்கு உண்டாக்கிக் கொடுத்தது இயற்பியல் அல்ல.

முயற்சியைப் பற்றியும் பேசியாக வேண்டும். சோராமல் உழைப்பவர் ஊழையும் வெல்வார் என்ற கருத்தைத் திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்திலிருந்து மேடைதோறும் எடுத்துச் சொல்கிறார்கள். உப்பளத்தில் நின்று அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம் வேண்டும். வெண்மை கண்ணைக் கூசவைக்க, உப்புநீரில் கால் வெடித்து, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு முயற்சியில் என்ன குறை? உழைப்பால் மட்டும் ஊழ் விலகும் என்றால் இந்தக் கரையில் அது எப்போதோ விலகியிருக்கும்.

குறளிலேயே வேறொரு குறிப்பு இருக்கிறது. இன்று நாம் படிக்கும் அதிகார வரிசையில் அறத்துப்பாலின் கடைசி, 38ஆம் அதிகாரம் ஊழ். பொருட்பாலின் இரண்டாவது, 40ஆம் அதிகாரம் கல்வி. இரண்டுக்கும் நடுவில் 39ஆவதாக நிற்பது இறைமாட்சி, அரசு எப்படி இருக்க வேண்டும் என்று பேசும் பகுதி. ஊழிலிருந்து கல்விக்குப் போகிற வழியில் அரசைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. வரிசையை வகுத்தவர் இதை நினைத்து வகுத்தாரா என்பது வேறு விவாதம். மரக்காணத்தில் மட்டும் அது அப்படியே பொருந்துகிறது.

அரசு அந்த இடத்தில் ஒரு அடி வைத்திருக்கிறது. உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது. வேலையில்லாத மூன்று மாதத்துக்கு இது சிறு தொகைதான். ஆனாலும் பட்டியலிட்ட மற்ற திட்டங்களில் இல்லாத ஒரு அறிவு இதில் உண்டு. பள்ளி நாட்காட்டியைப் பார்க்காமல் மழையின் நாட்காட்டியைப் பார்த்து வருகிறது இந்தப் பணம். முன்பணம் வாங்கும் அதே மாதத்தில், அதே கைக்கு.

ஐப்பசி பிறந்ததும் கழுவெளியில் ஆள்நடமாட்டம் குறைந்து பறவை நடமாட்டம் கூடும். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த உவர்நீர்ப் பரப்பில் வலசை வரும் பறவைகள் இறங்கும் காலம் அது. ஆள்கள் வேறு திசையில் வலசை போவார்கள், கட்டட வேலைக்கோ வேறு ஊர் வயல் வேலைக்கோ. புயல் வந்தால் அதுவும் இல்லை. 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் இந்தக் கரைக்கு அருகில்தான் கரையேறியது. பிறகு தை வரும். அளத்தில் வரப்பு போடும் வேலை தொடங்கும்போது, மழைக்காலத்தில் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற நோட்டு எடுக்கப்படும். அதே வாரங்களில் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருக்கும். பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு வராதவர்களின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் ஆள் அனுப்புவார். அளத்து நோட்டில் இருக்கும் வீட்டுப் பெயர்களில் சில அந்தப் பட்டியலிலும் இருக்கும்.